இருபது காத்தாடிக்கு ஒரு காத்தாடியா?

வணக்கம் மக்களே. கரண்டு எடுக்குத காத்தாடியைப் பத்திப் போட்ட ஆரல்வாய்மொழி வீடியோக்குக் கீழ பாதிப் பேரு ஒரே கேள்விதான் கேட்டிருக்கிய: "பழைய காத்தாடியைக் கழட்டிட்டுப் பெருசா வைக்க வேண்டியதுதான, காத்தாடிக்காரங்க சங்கம் ஏன் மல்லுக்கு நிக்கி?" கடுப்பாயிட்டு. இன்னைக்குக் கணக்கு போட்டே காட்டிருதேன்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் நிக்குற பழசுல 225 கிலோவாட் காத்தாடி மில்லு இருக்குல்லா, றெக்கை சுத்துத வட்டத்தோட குறுக்களவு 27 மீட்டர். ஒரு மில்லுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி, ஒரு பக்கம் அந்தக் குறுக்களவைப் போல 5 மடங்கு, இன்னொரு பக்கம் 7 மடங்கு. அதாவது 135க்கு 189 மீட்டர். புதுசு 2.1 மெகாவாட், குறுக்களவு 120 மீட்டர். அதே விதியில 600க்கு 840 மீட்டர் வேணும். வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 20 பழைய மில்லு நின்ன எடம்! 20 மில்லு சேந்தா 4.5 மெகாவாட், அதுக்குப் பதிலா 2.1. உயரத்துல காத்து நல்லாருக்கும், ஒரு மெகாவாட்டுக்கு யூனிட்டு கூட வரும், அது வாஸ்தவம். ஆனா 20 மில்லும் ஒருத்தருதா? நெலம் ஆளுக்கொரு துண்டு. ஒருத்தர் மாட்டேன்னுட்டா முடிஞ்சு போச்சு. இதுல பழசை மாத்துததுக்குன்னு தமிழ்நாடு அரசு போட்ட 2024 பாலிசி, மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூவா டெவலப்மென்ட் சார்ஜ் வேற கேட்டுச்சு. 2.1க்கு 63 லட்சம்வே! றெக்கை வாங்குததுக்கு முன்னாடியே.

இப்பிடி ஒத்த மில்லுக்காரர் தனியாப் போய்ப் பேசினா எடுபடாது, அதுக்குத்தான் சங்கம். இண்டியன் விண்ட் பவர் அசோசியேஷன் தொடங்கினது 1996. அரசு 1986லயே தூத்துக்குடி முள்ளக்காட்டுல மாதிரிக்கு மில்லு வச்சுட்டு. தனியார் வந்து குவிஞ்சது தேய்மானச் சலுகைக்காக, மில்லு வெலையை மொத வருசமே 100 சதவீதம் வரிக் கணக்குல கழிக்கலாம். 1996 பட்ஜெட்ல, சலுகையெல்லாம் கழிச்சாலும் கம்பெனி கொறைஞ்சபட்சம் கட்டியே ஆவணும்ங்குற மேட் வரி வந்து அந்த ருசியில மண்ணைப் போட்டுட்டு. சங்கமும் மேட் வரியும் ஒரே வருசம், பாத்துக்கிடுங்க.

அப்புறம் பேங்கிங். சீசன்ல ஓடுன யூனிட்டைக் கிரிட்ல விட்டுட்டு, காத்து இல்லாத மாசம் நம்ம ஆலைக்கு எடுத்துக்கிடுதது. வருசக் கணக்கு ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31 வரை. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட 2018 உத்தரவுல இதுக்குக் கழிவு 14 சதவீதம். லட்சம் யூனிட்டு போட்டா கைக்கு 86,000. அதே உத்தரவுல, மார்ச் கடைசியில மிச்சம் கெடந்தா, மின்வாரியம் வாங்குத வெலையில 75 சதவீதந்தான். அதனால பிப்ரவரியிலயே மிச்சத்தைப் பாத்துருங்க.

ஏ, கேவாரை விட்டுட்டேனே! இது பேங்கிங்குக்கு முன்னால சொல்லிருக்கணும். பழைய மில்லுல இருக்கது இண்டக்சன் ஜெனரேட்டர், அதுக்குள்ள காந்தம் உண்டாக ரியாக்டிவ் பவர் வேணும், அதைக் கேவார்னு அளப்பாங்க, கெப்பாசிட்டர்தான் அதைக் குடுக்கும். கெப்பாசிட்டர் செத்தா கிரிட்ல இருந்து ரியாக்டிவ் இழுக்கும். கொடுத்த யூனிட்ல 10 சதவீதத்துக்குள்ள இழுத்தா ஒரு கேவார்-அவருக்கு 25 காசு, தாண்டினா 50 காசுன்னு உத்தரவுலயே இருந்துச்சு. இதுக்கு எந்தச் சங்கமும் வராது. கிளாம்ப் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேஸா கெப்பாசிட்டர் கரண்டைப் பாருங்க. ஒரு பேஸ்ல கொறைஞ்சா மொதல்ல பியூஸ், பிறவு காண்டாக்டர் முனை கருகியிருக்கான்னு பாத்துட்டு, கடைசியாத்தான் கெப்பாசிட்டரை மாத்தணும். அதுவும் ஆனி பொறக்கும் முன்னால.