பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டலாமா?

(கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடிய ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேதகு ஆயர் அவர்களே, வணக்கத்துக்குரிய பேராயர் அவர்களே, பங்குத்தந்தையர்களே, போதகர் ஐயாமார்களே, அருட்சகோதரிகளே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். ஆயர் அவர்கள் காய்ச்சலோடு வந்திருக்கிறார். பேராயர் அவர்கள் வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். இருவரும் ஒரே காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் என்னிடம் மிச்சமிருந்த பாதிப் பேச்சுக்கும் வேலையில்லாமல் போயிற்று. (சிரிப்பு)

மூன்று காரியங்களைப் பேச நினைத்து வந்தேன். பாவத்தை யாரிடம் அறிக்கையிடுவது, மன்னிப்பது யார், கிழக்கத்திய சபைகளில் என்ன வழக்கம். என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் போய் நிற்பேன் என்பது தெரியும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கத்தோலிக்கருக்குப் பாவ அறிக்கை ஓர் அருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்கு. பழைய ஆட்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள், இப்போது ஒப்புரவு அருட்சாதனம். புத்தி விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்ல வேண்டும் என்று 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்றது 1551இல் திரெந்து பொதுச்சங்கம். நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று இயேசு சீடர்களிடம் சொன்ன யோவான் 20:23ஐ அவர்கள் காட்டுவார்கள். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே என்று சீர்திருத்த சபையாரான நாங்கள் 1 தீமோத்தேயு 2:5ஐக் காட்டுவோம். இரண்டும் ஒரே வேதப்புத்தகத்தில்தான் இருக்கின்றன.

இந்த எண்ணிக்கை ஒரு மனிதரை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். 1505இல் எர்ஃபுர்ட் நகரத்து அகுஸ்தினார் மடத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். பெயர் மார்ட்டின் லூத்தர், பின்னாளில் எங்கள் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தவர். பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஒருமுறை ஆறு மணி நேரம்! கேட்கிறவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். இங்கே வந்திருக்கும் தந்தையர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். காலை வழிபாட்டில் கவனம் சிதறியது ஒன்று, சகோதரரைப் பார்த்து முகம் சுளித்தது ஒன்று என்று நூல் பிரித்துக்கொண்டே போவார். எல்லாம் முடிந்து, மன்னிப்பும் வாங்கி, வெளியே நாலு எட்டு வைத்ததும் ஒன்று விட்டுப்போனது ஞாபகம் வரும். திரும்ப ஓடுவார். அந்தத் துறவற சபைத் தலைவர் ஸ்டௌபிட்ஸ் பொறுமைசாலி. அவரே ஒரு கட்டத்தில், கிறிஸ்து மன்னிப்பது நிஜமான பாவங்களை, கொலை, தேவதூஷணம், விபசாரம் மாதிரி. நீ கொண்டுவருவதெல்லாம் பொம்மைப் பாவங்கள் என்று கடிந்துகொண்டாராம். லூத்தர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தது இது. பொம்மைப் பாவம்! நம்மிடம் எத்தனை இருக்கும்? (கைதட்டல்)

ஆனால் லூத்தர் பாவ அறிக்கையைத் தூக்கி எறியவில்லை. எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. தனி அறிக்கையும் பாவவிமோசனமும் சபையில் நீடிக்க வேண்டும், எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லும் கட்டாயம்தான் வேண்டாம் என்கிறது லூத்தர் தரப்பாரின் விசுவாசப் பிரகடனமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை. பிறகு நாங்கள்தான் அதைப் பொதுஜெபத்துக்குள் சுருக்கிக்கொண்டோம். எல்லோரும் சேர்ந்து நாலு வரி படிப்போம், "ஆமென்" என்போம், முடிந்தது. என் பாவம் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காது. எனக்கே பல நாள் கேட்டதில்லை.

இரண்டாவது, மன்னிப்பது யார். கடவுள்தான், இதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. குருவானவரின் பங்கு என்ன என்பதில்தான் தகராறு. அதற்குள் அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி, விடுங்கள்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். குருவானவர் பாவத்தை மன்னித்தாலும் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போய்விடாது என்பது கத்தோலிக்கப் போதனை. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறது மத்தேயு 5:24. நாம் போகிறோமா? சகோதரனைக் கிள்ளிவிட்டு ஆண்டவரிடம் போய் அழுகிறோம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறோம்.

நான் என் அண்ணனோடு எட்டு வருஷம் பேசவில்லை. தப்பு என் பேரில். மாதாமாதம் திருவிருந்து எடுத்தேன், பொது அறிக்கையைப் பார்க்காமலே சொன்னேன். ஒருநாள் மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன். எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதம் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து மை பரவிவிட்டது. அண்ணன் திறந்தார், என்னைப் பார்த்தார். "உள்ள வா, வெயில்" என்றார். கடிதத்தை எடுக்கவே இல்லை.

அதனால்தான் திருவிருந்துக்கும் பாஸ்காவுக்கும் முந்தின வாரத்தை எல்லாச் சபைகளும் "ஒப்புரவு வாரம்" என்று வைக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். அந்த வாரம் கோயிலில் கூட்டம் வேண்டாம், வீடுகளுக்குப் போங்கள். ஆயர் அவர்களும் பேராயர் அவர்களும் இந்த விண்ணப்பத்தில் முதல் இரண்டு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று மேடையிலேயே கேட்டுவிடுகிறேன், இங்கே மறுக்க முடியாது பாருங்கள். (பலத்த சிரிப்பு)

கிழக்கத்திய சபைகள் இன்னொரு நாள். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். போன கூட்டத்தில் ஐந்து பேனா காணாமல் போயிற்று. எடுத்தவர்கள் யாரிடம் அறிக்கையிடுவது என்று குழம்ப வேண்டாம், நேரே என்னிடம் வரலாம்.