ஒடுக்கு எடுத்துவிட்டுக் காரைக் கொடுக்கலாமா?

வணக்கம் நேயர்களே.

"அண்ணே, காரை மாத்தப் போறேன். பின் கதவுல சின்னதா ஒரு ஒடுக்கு இருக்கு. எடுத்துட்டுக் கொடுக்கட்டுமா, அப்படியே கொடுத்துடட்டுமா?"

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இதைக் கேட்பார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் கேட்பார்கள். நான் சிங்கப்பூரில், சின் மிங் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் 19 ஆண்டுகள் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடித்தவன். அதற்கப்புறம் 8 ஆண்டுகளாகப் பழைய கார் வாங்கி விற்கும் கடையில் காரைப் பார்த்து விலை சொல்லும் வேலை. ஒடுக்கு எடுத்ததும் இந்தக் கைதான், ஒடுக்கைக் காட்டி விலை குறைத்ததும் இந்தக் கைதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரைக் கடையில் கொடுத்துவிட்டு வேறு கார் எடுக்கப் போகிறீர்கள் என்றால், சின்ன ஒடுக்கைத் தொடாதீர்கள்.

போன வருடம் ஈசூனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். 6 வயது டொயோட்டா ஆல்டிஸ், சாம்பல் நிறம். கார் அவ்வளவு சுத்தம். டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரைகூட விட்டுப்போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வளைவில் திரும்பும்போது தூணில் உரசி, இடது பின் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒடுக்கு. "இப்படியே கொண்டுபோனால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று, கடைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் 320 வெள்ளி கொடுத்துத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் கையில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தகட்டின் மேல் வைத்தால், மேலே உள்ள பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று காட்டும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 90-லிருந்து 150 மைக்ரானுக்குள் இருக்கும். அடியில் பிரைமர், நடுவில் நிறம், மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு, எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். பெரியவருடைய காரில் முன் ஃபெண்டரில் வைத்தேன், 108. முன் கதவு 112. பின் கதவில் வைத்தேன், 640.

640 வந்தால் அது வெறும் பெயிண்ட் இல்லை. அடியில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். தட்டிய இடம் முழுதாக நிமிராதபோது, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்துச் சமன் செய்து, மேலே நிறம் அடிப்பார்கள். அது மோசடி இல்லை, நானே ஆயிரக்கணக்கில் செய்த வேலை. ஆனால் பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. தூணில் உரசிய ஒடுக்காக இருக்கலாம். லாரி வந்து இடித்துக் கதவோடு காரின் சட்டமும் உள்ளே போன விபத்தாகவும் இருக்கலாம். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ஐயா, இந்தப் பக்கம் பெரிய அடி விழுந்ததா?" என்று கேட்டேன். "தம்பி, சத்தியமா தூண்தான்" என்றார். நான் நம்பினேன். கதவு இடுக்குகள் ஒரே அளவில் இருந்தன, ரப்பர்கள் அசையவில்லை, கீலின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஆனால் என் நம்பிக்கை மட்டும் போதாது. இங்கே கடைக்கு வரும் பல கார்களை அந்தக் கடையே வைத்துக்கொள்வதில்லை. படங்களும் மீட்டர் அளவும் மற்ற வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், இவ்வளவு தருகிறோம் என்று அவர்கள் விலை சொல்வார்கள். காரை நேரில் பார்க்காதவர் 640 என்ற எண்ணைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார். அன்றைக்குக் கடைசியாக வந்த விலை, ஒடுக்கோடு வந்திருந்தால் நான் எதிர்பார்த்திருக்கும் விலையைவிட 900 வெள்ளி குறைவு. அவர் செலவழித்த 320 வெள்ளி தனி. அந்தப் பெரியவர் எதுவும் பேசாமல் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச ஒப்புக்கொண்டதே அவரை நினைத்துத்தான்.

வியாபாரிகள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று தோன்றலாம். லெமன் சட்டம் என்று ஒன்று 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. பழைய காருக்கும் அது பொருந்தும். கடை உங்கள் காரை வாங்கி இன்னொருவருக்கு விற்ற பிறகு, 6 மாதத்துக்குள் ஒரு குறை வெளிப்பட்டால், விற்ற நாளிலேயே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. ஆகவே மூடி மறைத்த இடம் எதுவானாலும் கடைக்காரர் அதற்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் விலை பேசுவார். மூடாத ஒடுக்கில் அந்தப் பயம் இல்லை. ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது, பெயிண்ட் வெடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அவருக்கு ஆகும் செலவும் உங்களுக்கு ஆகும் செலவும் ஒன்று இல்லை, நேயர்களே. மாதம் முழுவதும் கார் அனுப்பும் கடைக்குப் பட்டறை ஒரு விலை போடும். வாழ்நாளில் இரண்டு தடவை வரும் உங்களுக்கு வேறு விலை போடும். நான் பட்டறையில் இருந்தபோது எங்கள் தவ்கே, அதாவது முதலாளி, அப்படித்தான் செய்தார், அதில் தப்பும் இல்லை. நீங்கள் 300 வெள்ளி கொடுத்துச் செய்யும் வேலையைக் கடை பாதி விலைக்கு முடித்துவிடும். அந்தப் பாதியைத்தான் உங்கள் விலையில் கழிக்கும். அப்படியிருக்க முழுத் தொகையை நீங்கள் எதற்கு முன்கூட்டியே கட்ட வேண்டும்?

இன்னொன்று. நம் ஊரில் கார் விலையைத் தீர்மானிப்பது தகடு இல்லை, காகிதம். பழைய கார் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வருடத் தேய்மானம். கேட்கும் விலையிலிருந்து, காரைப் பதிவு நீக்கும்போது அரசாங்கம் திருப்பித் தரும் பார்ஃப் தொகையைக் கழித்து, காரை ஓட்ட அனுமதி மீதமிருக்கும் வருடங்களால் வகுப்பார். ஒரு பேச்சுக்கு, 60,000 வெள்ளி கார், பார்ஃப் 12,000, இன்னும் 4 வருடம் பாக்கி என்றால் வருடத்துக்கு 12,000 வெள்ளி. ஒடுக்குக்காக 200 வெள்ளி குறைத்தாலும் வருடத்துக்கு 50 வெள்ளிதான் மாறும்.

சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்வதற்கான அனுமதிச் சான்றிதழ், அதன் ஏலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 106,000 வெள்ளிக்குப் போனது. 2024 ஜனவரி முதல் ஏலத்தில் அதே பிரிவு 65,010 வெள்ளிக்கு இறங்கியது. மூன்று மாதத்துக்குள் 40,000 வெள்ளி வித்தியாசம். புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். ஒடுக்கு எடுக்கப் பட்டறையில் காரை விட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருக்கிறீர்கள், நடுவில் ஒரு புதன்கிழமை மாலை ஏல முடிவு வருகிறது, உங்களுக்குச் சொன்ன விலை ஆயிரக்கணக்கில் மாறிவிடுகிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9 வயதைத் தாண்டி, பழைய இரும்புக்குப் போகப் போகும் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்றைக்கு அந்த வயதில் இருக்கும் கார்களுக்கு, 10 வயது முடிவதற்குள் பதிவு நீக்கினால், வாங்கும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்ப வரும். ஒடுக்கு ஒன்றா பத்தா என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பார்க்காது.

சரி, எப்போதுமே தொடக்கூடாதா? அப்படியும் இல்லை. கடைக்குக் கொடுக்காமல் நீங்களே நேரடியாக இன்னொரு குடும்பத்துக்கு விற்பதாக இருந்தால் கதை வேறு. அவர் கையில் மீட்டர் இருக்காது, கண்தான் இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் கூட வருவார்கள், கண் முதலில் ஒடுக்கில்தான் விழும். அப்போதும் பட்டி வேண்டாம். பெயிண்ட் வெடிக்காத ஒடுக்காக இருந்தால், பெயிண்டைத் தொடாமலே எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை. கோடு போட்ட விளக்குப் பலகையை ஒடுக்குக்கு எதிரே நிறுத்துவார்கள். தகட்டில் விழும் கோடுகள் ஒடுக்கு இருக்கும் இடத்தில் வளைந்து தெரியும். கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக நீளமான கம்பியை உள்ளே விட்டு, பின்பக்கமிருந்து அரிசி மணி அளவுக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளுவார்கள். வளைந்த கோடு மெல்ல நேராகிக்கொண்டே வரும். கடைசியில் மீட்டர் வைத்தால் அதே 112 காட்டும். பெயிண்ட் வெடித்திருந்தாலோ, தகட்டின் ஓரத்தில் ஒடுக்கு விழுந்திருந்தாலோ இந்த முறை பெரும்பாலும் கைகொடுக்காது.

பம்பர் வேறு. அது பிளாஸ்டிக், நாங்கள் வைத்திருக்கும் மீட்டர் அதில் வேலை செய்யாது. பம்பரில் கீறல் இல்லாத கார் இந்த ஊரில் அபூர்வம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்ஷூரன்ஸில் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் என்சிடி. 50 விழுக்காடு என்சிடி வைத்திருப்பவர் ஒரு தடவை கோரிக்கை வைத்தால் அது 20 விழுக்காட்டுக்கு இறங்கும். என்சிடி காரோடு போகாது, உங்களோடு வரும். பழைய காரின் ஒடுக்குக்குப் புது காரின் பிரீமியத்தில் பணம் கட்டுவீர்கள்.

அந்த 300 வெள்ளி கையில் இருந்தால், எரியாத பிரேக் விளக்கை மாற்றுங்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஏதாவது எரிந்தால் அதைப் பாருங்கள். ஒடுக்கைவிட அந்த மஞ்சள் விளக்குக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். சர்வீஸ் ரசீதுகளை ஓர் உறையில் போடுங்கள். இரண்டாவது சாவி எங்கே என்று தேடுங்கள், அது இல்லாவிட்டால் கழிக்கும் தொகை ஒடுக்குக்குக் கழிப்பதைவிட அதிகமாகவே இருக்கும். உள்ளே நன்றாகத் துடைத்து வாடை போக்குங்கள். காரை ஈரத்தோடு மட்டும் கொண்டுவராதீர்கள். தண்ணீர் நிற்கும் தகட்டில் ஒடுக்கு தெரியாது, அது எங்களுக்கும் தெரியும். காயும்வரை காத்திருப்போம், இல்லாவிட்டால் குறைத்துச் சொல்வோம்.

உண்மையிலேயே ஒடுக்கு பணத்தைத் தின்னும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைக்கு விலை பேசிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். புது கார் வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை பழைய காரை நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள். சாவி கொடுக்கும் நாளில் கடை மறுபடியும் காரைச் சுற்றிப் பார்க்கும். விலை பேசிய நாளில் இருந்த ஒடுக்கு விலைக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு விழுந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. எது பழையது, எது புதியது என்பதில்தான் தகராறு வரும். எனக்கே, நான் பழைய கார்க் கடை வேலைக்கு வருவதற்கு முன்னால், ஒரு கடையில் இது நடந்தது. முதல் நாளே இருந்த கீறலுக்கு 400 வெள்ளி கழித்தார்கள். என் கையில் ஒரு படம்கூட இல்லை. புது காரின் சாவி மேசையில் கிடக்கிறது, மனைவியும் மகளும் வெளியே காத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

என் அக்கா மகள் செங்காங்கில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் தன் காரை மாற்றியபோது நானும் கூடப் போனேன். முந்தின நாள் காரைக் கழுவித் துடைத்து, காலை 8 மணி வெயில் சாய்வாக விழும்போது சுற்றிலும் படம் எடுத்தோம். உச்சி வெயிலில் ஒடுக்கு சரியாகத் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். இடது பின் கதவில் ஓர் ஒடுக்கு, பூட் மூடியில் ஒரு கீறல். இரண்டையும் அப்படியே விட்டோம். கடையில் விலை பேசி முடித்ததும், ஒப்பந்தத் தாளில் அந்த இரண்டையும் எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்டாள். விற்பனையாளர் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரம் கழித்துச் சாவி கொடுக்கப் போனோம். வேறொரு இளைஞர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பூட் பக்கம் குனிந்தார், கீறலில் விரலை வைத்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார், மறுபடி கீறலைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.