மயில்துத்தத்தில் எத்தனை மோல்?

நேயர்களுக்கு வணக்கம். கரும்பலகை இல்லாமல் வேதியியல் கணக்கு சொல்வது கொஞ்சம் சங்கடமான வேலை. அதனால் பல சேர்மங்களுக்குத் தாவாமல், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். மயில்துத்தம். பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும், உரக்கடையிலும் இருக்கும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டால் நல்லது. தோட்டம் வைத்திருப்பவர்களும் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் மோல் என்றால் என்ன என்பதை முடித்துவிடுவோம். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் விற்கிறார்கள். கவுளி என்றால் நூறு இலை. சின்ன இலையானாலும் நூறு, பெரிய இலையானாலும் நூறுதான். தராசில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். மோலும் ஓர் எண்ணிக்கைதான், ஆனால் மிகப் பெரியது. 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. 2019 மே மாதம் முதல் இந்த எண்ணை அளந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இதுதான் என்று உலக அளவில் நிர்ணயித்துவிட்டார்கள். இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்த எண் அவருக்கே தெரியாது. வாயுக்கள் பற்றிய தம் கருதுகோளை அவர் வெளியிட்டது 1811-இல். எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென், 1909-இல்.

சரி, கணக்குக்கு வருவோம். மயில்துத்தம் என்பது நீல நிறக் காப்பர் சல்பேட் படிகம். அதன் வாய்பாட்டை எழுதினால் ஒரு காப்பர், ஒரு சல்ஃபர், நான்கு ஆக்சிஜன். அப்புறம் ஒரு புள்ளி. அதன் பிறகு ஐந்து நீர் மூலக்கூறுகள். அந்தப் புள்ளிதான் பிள்ளைகளைப் படுத்துகிறது. சிலர் அதைப் பெருக்கல் குறி என்று நினைக்கிறார்கள். சிலர் ‘புள்ளி ஐந்து’ என்று வாசித்துவிட்டு அரை மூலக்கூறு நீர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. ‘இதோடு சேர்ந்து’ என்பதுதான் அதற்குப் பொருள். கூட்ட வேண்டும்.

கூட்டுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு மோல் அணு எத்தனை கிராம் என்பது அதன் அணு நிறை. காப்பர் 63.5, சல்ஃபர் 32, நான்கு ஆக்சிஜன் 64. ஆக 159.5. நீர் ஒன்றுக்கு 18, ஐந்துக்கு 90. மொத்தம் 249.5. அதாவது 249.5 கிராம் மயில்துத்தத்தை நிறுத்து எடுத்தால் அது ஒரு மோல். அதில் 90 கிராம் வெறும் தண்ணீர், நூற்றுக்கு 36 பங்கு. கையில் எடுத்தால் கல் மாதிரி உலர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு கிலோ வாங்கினால் 360 கிராம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். காப்பர் எவ்வளவு? 63.5-ஐ 249.5-ஆல் வகுத்தால் கால் பங்குக்குச் சற்று மேல். கிலோவுக்கு 254 கிராம்.

நம்பாதவர்கள் ஆய்வகத்தில் சூடாக்கிப் பார்க்கலாம். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி வெள்ளைப் பொடியாகும். குழாயின் மேல் பகுதியில் நீர்த்துளிகள் படியும். எடை குறைந்து குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம் தொடக்க எடையில் 64 சதம். ஆறியபின் ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலம். அவசரப்பட்டு மிகக் கடுமையாகச் சூடாக்கினால் சல்பேட்டே சிதைந்து கறுத்துவிடும், அப்போது கணக்கு உதைக்கும்.

இனி தோட்டத்துக்குப் போவோம். 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களை அடிச்சாம்பல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. அங்கே சாலையோரக் கொடிகளில் திருடர்கள் கை வைக்காமலிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பது வழக்கம். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. இன்றும் கொடிக்காலிலும் காப்பித் தோட்டத்திலும் பயன்படுகிறது. ஒரு சதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்.

ஒன்றுக்கு ஒன்று என்று கேட்க அழகாக இருக்கிறது. மோலில் மாற்றிப் பாருங்கள். ஆயிரத்தை 249.5-ஆல் வகுத்தால் 4 மோல் மயில்துத்தம். சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு: 40-உம் 16-உம் 56. ஆயிரத்தை 56-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 மோல். ஆனால் எளிய சமன்பாட்டின்படி ஒரு மோல் காப்பர் சல்பேட்டுக்கு ஒரு மோல் சுண்ணாம்பு போதும். நான்கு மோல் போதுமான இடத்தில் பதினெட்டு போடுகிறோம். 224 கிராம் போதும் என்று சொல்லும் கணக்குக்கு எதிரே ஒரு கிலோ நிற்கிறது.

விவசாயி ஏமாந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு குறைந்தால் கரைந்த காப்பர் மிஞ்சி இலையைக் கருக்கிவிடும். கூடினால் அந்தக் கேடு இல்லை. இன்னொன்று, சூளையிலிருந்து வரும் சுண்ணாம்பு தூய்மையானதல்ல, மூட்டையில் கிடந்தால் இன்னும் கெடும். காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாகிறது. அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 100 கிராம். ஆக, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுக்கக் கெட்டுப்போனால் 100 கிலோ ஆகும்! எடை ஏறுகிறது, வீரியம் போகிறது. பழைய மூட்டையைத் தராசில் வைத்து எந்தப் பயனும் இல்லை.

கடையில் நீற்றிய சுண்ணாம்புப் பொடி வாங்கினாலோ அது கால்சியம் ஹைட்ராக்சைடு. இதன் வாய்பாட்டில் அடைப்புக்குறி வரும். அதற்கு வெளியே உள்ள 2 உள்ளே இருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டுக்கும் சேரும். 40 கூட்டல் இரண்டு பதினேழு, 74. ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டைப் போட்டு 58 என்று எழுதினால் மார்க் போச்சு. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஈடாக இந்தப் பொடி 1.32 கிலோ வேண்டும்.

கலக்கும்போது துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கிளற வேண்டும், மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில். பிறகு துடைத்த இரும்புக் கத்தி ஒன்றைச் சில நிமிடம் அதில் பிடியுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். இதுவும் மோல் கணக்குதான். ஒரு மோல் இரும்பு, 55.8 கிராம், கரைந்து போக, அதன் இடத்தில் ஒரு மோல் காப்பர், 63.5 கிராம், வந்து உட்காருகிறது. கத்தி கரைந்தும் கனக்கிறது!

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு விட்டுச் செல்கிறேன். சலவை சோடாப் படிகம்: சோடியம் கார்பனேட், புள்ளி, பத்து நீர். சோடியம் 23, கார்பன் 12, ஆக்சிஜன் 16. சோடியம் இரண்டு, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. படிகத்தில் நீர் எத்தனை சதம்? 63-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 14.5 வந்தால் நீருக்கு முன்னால் நிற்கும் பத்தை விட்டுவிட்டீர்கள், மறுபடி போட்டுப் பாருங்கள். வணக்கம்.