கடைசியாக வருபவருக்கும் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி மாதத்தில், மாரத்தான் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னைக் கடற்கரைச் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். நடைபாதை விளிம்பில் சம்மணமிட்டு, முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவோடு உட்கார்ந்திருப்பவன் நான்தான். "எந்தப் பத்திரிகை?" என்று கேட்காத போக்குவரத்துக் காவலர் இல்லை. எந்தப் பத்திரிகையும் இல்லை. ஓடுகிறவர்களைப் படம் எடுத்து அந்தப் படத்தை அவர்களுக்கே விற்கிறவன். பதினான்கு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன.

விசித்திரமான வியாபாரம் இது. கல்யாணப் புகைப்படக்காரர் முன்பணம் வாங்காமல் பையைத் திறக்க மாட்டார். மெரினாவில் நடிகர்களின் அட்டை உருவங்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தவர்கள்கூடப் பேரம் முடிந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார்கள். நாங்கள் மட்டும் யாரும் கேட்காமலே எல்லோரையும் எடுத்துவிட்டு, "இதில் நீங்கள் இருக்கிறீர்கள், வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று பிறகு கேட்கிறோம். ஊருக்கே இட்லி அவித்து வைத்துவிட்டு, யாருக்குப் பசிக்கிறது என்று விசாரிக்கிற மாதிரி. இட்லியைப் போலவே படமும் ஆறிவிடும். ஞாயிறு மாலைக்குள் இணையத்தில் ஏற்றிவிட்டால் வாங்குவார்கள். திங்கள்கிழமை, அலுவலகத்தில் காட்டுவதற்காக வாங்குவார்கள். செவ்வாய்க்கிழமை கால் வலி குறைந்து மாடிப்படி இறங்க முடிந்துவிட்டால், அதோடு சரி. வலி இருக்கும் வரைதான் எங்களுக்கு வியாபாரம்.

எடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். வெயிலுக்குப் பயந்து முழு மாரத்தானை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஜனவரியில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். நேப்பியர் பாலத்திலிருந்து தெற்கே ஓடி வருகிறவர்களுக்கு இடது கைப்பக்கம் கடல். அந்தப் பக்கமிருந்து சாய்வாக ஒரு பொன் வெளிச்சம் முகத்தில் விழும் பாருங்கள், அதற்காகத்தான் மற்ற கஷ்டமெல்லாம். அந்த வெளிச்சம் ஒரு மணி நேரம் நின்றால் அதிகம். பிறகு, நான் ஏன் தரையில் உட்காருகிறேன் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் இரண்டு காலும் தரையில் படாமல் பறக்கிற படம்தான் வேண்டும். ஆனால் முப்பதாவது கிலோமீட்டரில் யாரும் பறப்பதில்லை, தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் காலுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இரண்டு விரல்கடை இடைவெளி நன்றாகத் தெரியும். பொய் இல்லை, கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

அடுத்தது, எடுத்த படம் யாருடையது என்று கண்டுபிடிப்பது. மார்பில் ஊக்கு குத்தி ஒட்டியிருக்கும் எண் அட்டைதான், அதாவது ஓட்டக்காரர்கள் 'பிப்' என்று சொல்வதுதான், எங்களுக்கு ஆதாரம். இப்போது கணினியே எண்ணைப் படித்துவிடுகிறது. ஆரம்ப வருடங்களில் நான், என் மனைவி, மைத்துனர், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் என்று நாலு பேர் ஒரு தட்டு பஜ்ஜியை நடுவில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் எண்களைத் தட்டச்சு செய்வோம். ஆறா ஒன்பதா என்று சண்டை வரும். எண் மறைந்திருந்தால் நேரத்தை வைத்துத் தேட வேண்டும். ஓட்டக்காரரிடம் இருக்கிற சிப், வழியில் விரித்திருக்கும் மின்னணுப் பாயைத் தாண்டும்போது நேரத்தைப் பதிவு செய்யும். அந்த நேரத்தையும் கேமராவின் நேரத்தையும் ஒப்பிட்டால் ஆள் கிடைத்துவிடுவார். கேமராவில் நேரம் சரியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு வருடம் என் கேமரா பதினோரு நிமிடம் பின்தங்கி இருந்ததை நான் கவனிக்கவில்லை. எண் தெரியாத அத்தனை பேருக்கும் அடுத்தவருடைய படம் போய்விட்டது. தாம்பரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "எனக்கு வழுக்கை. நீங்கள் அனுப்பிய படத்தில் தலை நிறைய முடி இருக்கிறது. இப்படித்தான் வரும் என்றால் இரண்டாக அனுப்புங்கள்" என்றார்.

சிரிப்புக்குச் சொன்னேன். ஆனால் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. 1980-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் என்ற பெண் இரண்டு மணி முப்பத்தோரு நிமிடச் சொச்சத்தில் பெண்களில் முதலாவதாக வந்து மாலை சூடிக்கொண்டார். உடம்பில் சரியாக வியர்வைகூட இல்லை. ஓடிய வழியில் அவரைப் பார்த்தவர்கள் கிடைக்கவில்லை, ஆரம்பக் கட்டப் படங்களிலும் அவர் இல்லை. போதாக்குறைக்கு, ரூயிஸ் ஓடியதாகச் சொல்லிக்கொண்ட முந்தைய நியூயார்க் மாரத்தான் நடந்துகொண்டிருந்தபோது சுரங்க ரயிலில் இவரோடு பயணம் செய்தேன் என்று ஒரு பெண் சொன்னார். அவருக்கு என்ன தொழில் தெரியுமா? புகைப்படக்காரர்! ரூயிஸிடமிருந்து பட்டத்தைப் பறித்து, உண்மையில் முதலில் வந்த கனடாவின் ஜாக்குலின் கரோவுக்குக் கொடுத்தார்கள்.

சரி, படத்தை யார் வாங்குகிறார்கள்? முதலில் வருகிறவர்கள் வாங்குவதில்லை. அவர்கள் படம் மறுநாள் செய்தித்தாளில் இலவசமாகவே வந்துவிடும். வாங்குகிறவர்கள் முதல் தடவை ஓடுகிறவர்கள், நடுவில் வருகிறவர்கள், எல்லோருக்கும் பின்னால் வருகிறவர்கள். இதை நான் ஒரு அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அன்றைக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் முடிந்து வெயில் ஏறிவிட்டது. காற்றடைத்த நுழைவாயிலை அவிழ்த்துவிட்டார்கள், அது யானை படுப்பது போல மெதுவாகப் படுத்துக்கொண்டிருந்தது. நான் கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் என்று பிறகு தெரிந்தது. நேராக என்னிடம் வந்து, "தம்பி, என்னை எடுத்தீர்களா?" என்றார். "இல்லை அம்மா, முடிந்துவிட்டது" என்றேன். "எனக்கு முடியவில்லையே. நான் இப்போதுதானே வருகிறேன்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கேமராவை வெளியே எடுத்தேன். அவரே ஐம்பதடி பின்னால் போய், நுழைவாயில் இருந்த இடத்தைத் தாண்டித் திரும்ப ஓடி வந்தார். திரையில் பார்த்துவிட்டு, "கண் மூடியிருக்கிறது" என்று மறுபடியும் போய் ஓடி வந்தார். மூன்றாவது தடவை ஓடி வந்ததுதான் அவருக்குப் பிடித்தது. பிறகு விலை கேட்டார். சொன்னேன். "ஏழு பிரதி எடுத்தால் என்ன விலை?" அக்கா தங்கைகள் மொத்தம் ஏழு பேராம். பேரத்தில் என்னை உரித்துவிட்டார், ஆனால் அன்றைக்கு ஒரே ஆளிடம் அவ்வளவு விற்றது அவரிடம்தான்.

அன்றிலிருந்து கடைசி ஆள் வரும் வரை நான் பையை மூடுவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், கடைசி ஆள் வரும் வரை. ஆம்புலன்ஸ் வண்டி பின்னால் ஊர்ந்து வருமே, அதற்கும் முன்னால் ஒருவர் நடந்து வருவார். அவருக்குத்தான் படம் வேண்டும்.

இப்போது பல ஓட்டங்களில் படங்கள் இலவசம். விளம்பரம் தரும் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டு, படத்தின் மூலையில் தன் சின்னத்தைப் போட்டுக்கொள்கிறது. ஓடுகிறவர்களுக்கு மகிழ்ச்சிதான். முன்பெல்லாம் நாங்கள் போட்டு வைத்த வாட்டர்மார்க்கோடு படத்தைத் திரையிலிருந்தே சுட்டு, வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொள்வார்கள், குறுக்கே 'மாதிரி' என்று எழுதியிருக்கும், அதோடு வருடக்கணக்கில் இருப்பார்கள். நுழைவுக் கட்டணம் கட்டி, ஆயிரக்கணக்கில் ஷூ வாங்கியவருக்குப் படத்தின் விலை மட்டும் கொள்ளையாகத் தெரியும். அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் இலவச முறையில் புகைப்படக்காரருக்கு நாள் கூலி. ஒன்பது மணி வரை என்று பேசியிருந்தால் ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முதலில் வந்தவரும் ஒன்றுதான், கடைசியில் வந்தவரும் ஒன்றுதான். விற்றுப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்குத்தான் வெயிலில் காத்திருக்கக் காரணம் இருக்கிறது. டீச்சர் அம்மா இன்றைக்கு ஓடி வந்தால், அந்த இடத்தில் காலித் தண்ணீர் பாட்டில்கள்தான் இருக்கும்.

முகத்தை வைத்துப் படம் தேடும் முறையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், ஒரு நிமிடம் இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் முகத்தை நீங்களே எடுத்து அனுப்பினால் உங்கள் படங்கள் எல்லாம் நொடியில் வந்துவிடும். வசதிதான். உங்கள் முகத்தை வேறொருவர் அனுப்பினாலும் வந்துவிடும் என்பதுதான் சங்கடம். சிறுவர் ஓட்டங்களில் எனக்கு இதுதான் பயம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்து டிக் செய்யுங்கள்.

அரை நிமிடம் மிச்சம். அடுத்த ஓட்டத்தில் எண் அட்டையைத் தொடையில் குத்தாதீர்கள், முதுகில் குத்தாதீர்கள். வயிற்றுக்கு நேராக, நான்கு மூலையிலும் ஊக்கு போட்டு, தண்ணீர் பாட்டில் வார் அதன் மேல் விழாதபடி குத்துங்கள். வணக்கம்.