ரிக்ரெட் வேண்டாம், சாரி போதும்

(மதுரையில் விடுதி, டிராவல்ஸ் ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இங்கிலீஷ் வகுப்பு வைத்தது யார் யோசனையோ தெரியவில்லை. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகப் பின்வரிசைக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்களில் பாதிப் பேர் ரிசப்ஷனில் நிற்கிறவர்கள். மற்றவர்கள் டிரைவர்கள், கைடுகள். வெளிநாட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் உங்களுக்குப் பொழுது போகாது. கீசரில் வெந்நீர் வராது, ஏசி சொட்டும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு ஃப்ளைட் கிளம்பிவிடும். உடனே நாம் என்ன எழுதுகிறோம்? 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்.' ரயில்வே ஜங்ஷன் மைக்கில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வாசகம். அதில் சிரமம் கொடுத்தது யார், வருத்தப்படுவது யார்? இரண்டுக்கும் ஆள் இல்லை, பாருங்கள்.

சாரி என்பது பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது, பெரிய தப்புக்குப் பெரிய வார்த்தைதான் மரியாதை என்று நமக்கு ஒரு நினைப்பு. இங்கிலீஷில் பல சமயம் இது தலைகீழ். வார்த்தை கனமாக ஆக, சொல்கிறவர் தப்பை விட்டுத் தள்ளிப்போய் நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போன கொடுமை பல பத்தாண்டுகள் நடந்தது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்டு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பழங்குடியினர் பட்ட அநீதிக்கு 'டீப் அண்ட் சின்சியர் ரிக்ரெட்' தெரிவித்தது. சாரி என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அதே அவையில் இன்னொரு பிரதமர் கெவின் ரட் எழுந்து 'வீ சே சாரி' என்றார். அந்த மக்கள் அத்தனை வருஷம் காத்திருந்தது அந்தச் சின்னச் சொல்லுக்குத்தான். நம் ஜாலியன்வாலா பாக்குக்கும் 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே 'டீப்லி ரிக்ரெட்' என்றார். அங்கேயே எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, ஒளிவுமறைவில்லாத முழு மன்னிப்பு வேண்டும் என்றார். ரிக்ரெட் என்பது நடந்ததை நினைத்து வருத்தம். பக்கத்து வீட்டில் நடந்ததற்கும் அதைப் படலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணகி முன்னால் நின்ற பாண்டியனுக்குக் கைகாட்ட ஒரு பொற்கொல்லன் இருந்தான். 'தவறான தகவல் அளிக்கப்பட்டது' என்று ஒரு அறிக்கை விட்டிருக்கலாம். நானே கள்வன் என்றானே!

ஆக, கீசர் கெட்டுப்போனால் எப்படி எழுதுவது? 'ஐ ஆம் சாரி யூ ஹாட் நோ ஹாட் வாட்டர் திஸ் மார்னிங். வீ ஷுட் ஹாவ் செக்டு தி கீசர் பிஃபோர் யூ அரைவ்டு.' அடுத்து, எலக்ட்ரீஷியன் எத்தனை மணிக்கு வருவார், அதுவரை எந்த ரூமில் குளிக்கலாம். அவ்வளவுதான். மேனேஜர் கையெழுத்துப் போடும் கடிதம் என்றால் 'ஐ அபாலஜைஸ் ஃபார்' என்று தொடங்கலாம், அது கௌரவமான சொல். ஆனால் ஃபாருக்குப் பின்னால் செய்த தப்பு வர வேண்டும். வெறும் 'இன்கன்வீனியன்ஸ்' வந்தால் மறுபடி ரயில்வே ஸ்டேஷன்தான்.

இரண்டு சொல்லைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். ஒன்று 'பட்'. 'சாரி, பட் டிராஃபிக்' என்றால் சாரி அங்கேயே செத்துப்போச்சு. இன்னொன்று 'இஃப்'. 'உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்கிறீர்கள். அந்த மனுஷன் பச்சைத்தண்ணீரில் நடுங்கிக் குளித்துவிட்டு வந்து நிற்கிறார், இதில் 'இருந்தால்' என்ன?

தப்பே நம்முடையதாக இல்லாத இடமும் உண்டு. மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கிறது. அதற்குக் கைடு தம்பி ஏன் குற்றவாளி மாதிரி கையைப் பிசைய வேண்டும்? 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தி டெம்பிள் இஸ் குளோஸ்டு நவ்.' அங்கே அஃப்ரெய்ட் என்றால் பயமில்லை, கெட்ட செய்தியைப் பதமாகச் சொல்கிற வழி. அதே மாதிரி, 'போன மாதம் அம்மா இறந்துவிட்டார்' என்று ஒரு விருந்தாளி சொன்னால் 'ஐ ஆம் சோ சாரி' என்பதுதான் முறை. உங்கள் வீட்டுத் துக்கத்தை நீங்கள் சொல்லும்போது அவர் உங்களிடம் சாரி சொன்னால், 'நீங்க என்ன சார் பண்ணீங்க' என்று கேட்டுவைக்காதீர்கள்.

எக்ஸ்கியூஸ் மீ பெரும்பாலும் காரியத்துக்கு முந்தி: வழி கேட்க, ஆளைக் கூப்பிட. ரூம் கதவைத் தட்டுகிறபோது 'சாரி டு டிஸ்டர்ப் யூ'. நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்ததற்கு இன்று காலை 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ'. இடித்துவிட்டால் சாரி. அமெரிக்கர்கள் அங்கேயும் எக்ஸ்கியூஸ் மீ சொல்வதுண்டு. பிரிட்டிஷ்காரர் காலை நீங்கள் மிதித்தாலும் அவர்தான் முதலில் சாரி சொல்வார், அது அவர்கள் பழக்கம்.

சரி, பேனாவை எடுங்கள். கொடைக்கானல் போக வேண்டிய கார் ஒரு மணி நேரம் லேட். கீழே பெட்டியோடு குடும்பம் நிற்கிறது. டிரைவர் அண்ணன்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், ரிசப்ஷன்காரர்கள் எழுதுங்கள். டிராஃபிக் என்ற சொல் வரக்கூடாது.