முயல் குழம்பும் 64-ம்: என் பெட்டிக்கடை கதை

வணக்கம் மக்களே. கோட்டைச் சுவர் வேலையைக் காட்டுகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன், அது அடுத்த வாரம்தான். மைன்கிராஃப்ட் என்ற கட்டைகளால் ஆன விளையாட்டில், பலர் சேர்ந்து ஆடும் எங்கள் சர்வரில் நான் வைத்திருக்கும் பெட்டிக்கடையில் நேற்று இரவு நடந்ததைச் சொல்லாமல் சுவருக்கு ஒரு கல் வைக்கக்கூட மனம் வரவில்லை.

முயல் பண்ணை வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், முயல் குழம்பு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று. அதற்காகத்தான் சந்தையில் இடம் பிடித்தேன். ஒரு கிண்ணத்துக்கு ஒரு டைமண்ட் என்று ஆரம்பித்து, பிறகு இரண்டுக்கு ஒன்று, போன வாரம் நான்குக்கு ஒன்று வரை இறங்கி வந்தேன். நான்கு கிண்ணம் ஒரு டைமண்ட்! அப்படியும் நேற்று வந்தவர் நெதருக்கு, அதாவது விளையாட்டின் நெருப்பு உலகத்துக்கு, நீண்ட பயணம் போகிறவர், நான்கு எடுத்தார், பையைத் திறந்து பார்த்தார், நான்கையும் திரும்ப வைத்துவிட்டு எதிர்க்கடையில் ஒரு ஸ்டேக், அதாவது 64 கோல்டன் கேரட் அடுக்கு, வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, கணக்கு அவர் பக்கம்தான். பையில் இருப்பது 36 ஸ்லாட், அதாவது பொருள் வைக்கும் அறைகள். குழம்பு ஒரு ஸ்லாட்டுக்கு ஒன்றுதான், பசிப் பட்டையில் 10 புள்ளி நிரப்பும். கேரட் ஒன்றுக்கு 6 தான், ஆனால் அதே ஸ்லாட்டில் 64 நிற்கும், மொத்தம் 384. சாப்பிட்ட பிறகு குழம்பு காலிக் கிண்ணத்தை வேறு கையில் கொடுக்கும்.

கடைக்காரருக்கும் அதே அடி. எங்கள் சந்தையில் கடைக்கு ஒரு டபுள் செஸ்ட் என்ற இரட்டைப் பெட்டிதான், 54 ஸ்லாட். ரொட்டி போட்டால் 3456, குழம்பு போட்டால் வெறும் 54. ரொட்டிக்காரர் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருக்கலாம், நான் நல்ல வியாபாரம் நடந்தால் ஒரே மாலையில் காலி. வேலை யாருக்கு அதிகம்? ரொட்டிக்கு மூன்று கோதுமை, முடிந்தது. குழம்புக்குச் சுட்ட முயல், சுட்ட உருளைக்கிழங்கு, கேரட், காளான், கிண்ணம். அந்த முயலையும் கிழங்கையும் கேரட்டையும் தனித்தனியாகத் தின்றால் 5, 5, 3 என்று 13 வருகிறது, சேர்த்துச் சமைத்தால் 10! சமைப்பவரை இவ்வளவு மோசமாக நடத்தும் கணக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 2024 அக்டோபரில் பண்டில், அதாவது ஒரே ஸ்லாட்டில் பல பொருளைப் போட்டு வைக்கும் சிறு பை, வந்தபோது ஆசையாக இருந்தேன். ஆனால் அது 64 ரொட்டி கொள்ளும், குழம்பு ஒன்று வைத்தாலே நிரம்பிவிடும்.

பழைய ஆட்கள் சொல்வார்கள், 2011 செப்டம்பரில் பீட்டா 1.8 பதிப்பு வரும்வரை ரொட்டியும் அடுக்காது, கறியும் அடுக்காது. பசி என்பதே அப்போது கிடையாது, சாப்பாடு நேராக உயிரைத்தான் ஏற்றும். பசியோடு 64-ம் வந்தது, கிண்ணத்தில் வரும் குழம்பை வெளியே நிறுத்திவிட்டார்கள். தேன் பாட்டிலுக்குக் கூட 16 கொடுத்திருக்கிறார்கள்.

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன். கேக்! அதுவும் அடுக்காது, அதுவும் ஒரு ஸ்லாட். ஆனால் பையில் தூக்கிக்கொண்டு போகத்தான் ஸ்லாட் வேண்டும், கடையிலேயே நின்று சாப்பிட எதற்கு? அதனால் குழம்புப் பலகையைக் கழற்றிவிட்டு மேசை மேல் கேக் வைத்தேன், துண்டுக்கு ஒரு இரும்புக் கட்டி, பக்கத்துப் பீப்பாயில் போட்டுவிட வேண்டும். ஒரு கேக்கில் 7 துண்டு, துண்டுக்கு 2 புள்ளி. நெதர் வாசலுக்குப் பக்கத்தில் கடை என்பதால் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் பசியோடுதான் வருவார்கள். முதல் நாளே மூன்று கேக், 21 கட்டி! குழம்பு விற்ற காலத்தில் ஒரு நாளில் இவ்வளவு பேர் வந்ததே இல்லை.

அப்புறம், சொல்ல மறந்துவிட்டேன், விளக்கு. முழு கேக்குக்குப் பின்னால் கம்பரேட்டர், அதாவது எவ்வளவு மீதி என்று அளந்து சொல்லும் கருவி, வைத்தால் சிக்னல் 14 வரும், துண்டுக்கு 2 குறையும். அதைத் தலைகீழாக்க, சிக்னல் நின்றால் எரியும் ஒரு ரெட்ஸ்டோன் (விளையாட்டின் மின்சாரம் மாதிரி) டார்ச், கேக் தீர்ந்தால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் இரண்டு துண்டு மீதி இருக்கும்போதே எரிந்தது. முழுசாகப் பிரித்து இரண்டு தடவை கட்டினேன், அப்படியேதான் எரிந்தது. பிறகுதான் பார்த்தேன், நடுவில் ஐந்து கட்டம் ரெட்ஸ்டோன் தூள் போட்டிருக்கிறேன், இரண்டு துண்டுக்கான சிக்னல் 4, கட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்து, ஐந்தாவது கட்டத்துக்குப் போவதற்குள் தீர்ந்துவிடுகிறது. உடனே குறைக்கப் போனேன், கை நின்றது. இரண்டு துண்டு இருக்கும்போதே எச்சரித்தால் அதுதானே வேண்டும்! அப்படியே விட்டுவிட்டேன். ஐந்து கட்டம், குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வர் நடத்துகிறவரிடமும் கேட்டிருக்கிறேன். விளையாட்டின் ஜாவா பதிப்பில் 1.20.5 முதல் ஒரு பொருள் எத்தனை அடுக்கும் என்பதை 99 வரை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு 99 வேண்டாம், குழம்புக்குத் தேன் பாட்டில் மாதிரி 16 போதும். அப்போது என் பெட்டியில் 864 கிண்ணம் நிற்கும், பலகையைத் திரும்ப மாட்டுவேன்.

இப்போது பால் கறக்கப் போகிறேன். கேக்குக்கு மூன்று வாளி, பால் வாளியும் அடுக்காது. 33 வாளி, மீதி மூன்று ஸ்லாட்டில் முட்டை, சர்க்கரை, கோதுமை என்று பை நிரம்பி ஒரு நடைக்கு 11 கேக். வாளைக் கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதனால் இருட்டுவதற்குள் ஓடுகிறேன்.