எஃப் 16-ல் சின்னத் தாத்தா
(உலகப் புகைப்பட நாளன்று கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த அரிசி ஆலை உரிமையாளர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகக் கதர்த் துண்டு போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, புதுக் கேமராவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் பிரெஞ்சுக்காரர் டாகெரின் படமெடுக்கும் முறையை உலகுக்கு வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று இந்தக் கூட்டம். அபர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ, வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ், படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்கிற காம்போசிஷன் என்று ஐந்தைப் பேச நினைத்து வந்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். படத்துக்குச் சுவர் வெளிச்சம்.

அந்த வெளிச்சம் நுழைகிற துவாரம்தான் அபர்ச்சர். அதன் எண்கள் எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். துவாரம் சிறுத்தால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் சேர்ந்தே தெளிவாக விழுவார்கள். இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

1971-ல் எங்கள் அத்தை கல்யாணம். பந்தியில் தனக்கு முன்னால் சம்பந்தி வீட்டு டிரைவருக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று சின்னத் தாத்தாவுக்குக் கோபம். களத்தில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நிற்கிறார்கள். இவர் மட்டும் பின்னால் வைக்கோல்போர் ஓரம் கயிற்றுக் கட்டிலில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். அப்பாயி போய்க் கூப்பிட்டார். வரவில்லை. மாப்பிள்ளையே போனார். "நான் எதுக்கு? டிரைவரை நிக்க வையுங்க" என்றாராம். ஸ்டுடியோக்காரர் இரட்டை லென்ஸ் யாஷிகா கேமராவுக்குள் குனிந்து பார்த்தார். "பெரியவரே, நீங்க வர வேண்டாம், அப்படியே இருங்க" என்றார். அபர்ச்சரை எஃப் 16-க்குத் திருப்பினார். வெயில் நன்றாக இருந்ததால் ஷட்டர் அறுபதில் ஒரு வினாடி போதுமானதாக இருந்தது. "யாரும் அசையாதீங்க!" முடிந்தது.

படம் வந்தபோது மணமக்கள் தெளிவு, சம்பந்திகள் தெளிவு, பின்னால் தாத்தாவின் கோபமும் தெளிவு. அவர் காலமான பிறகு தேடினால் அவருக்கு வேறு படமே இல்லை. ஸ்டுடியோவில் அந்த நெகட்டிவைக் கவரில் போட்டு நம்பர் எழுதி வைத்திருந்தார்கள். அதிலிருந்து தாத்தாவை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஐயா ரொம்பக் கண்டிப்பானவரோ?" என்று கேட்கிறார்கள். இலைக் கோபம் என்று யாரிடம் சொல்வது?

சரி, ஷட்டர். வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு அது; எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் ஸ்பீடு. 500-ல் ஒரு வினாடி என்றால் ஓடுகிற பிள்ளையும் உறைந்து நிற்கும். 15-ல் ஒரு வினாடி என்றால் நம் கை நடுக்கமே படத்தில் வந்துவிடும். வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பதற்கான எண் ஐஎஸ்ஓ. அதை ஏற்றினால் இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 125-ல் ஒரு வினாடி. இது ஃபிலிம் காலத்துக் கணக்கு, டிஜிட்டலுக்கும் பொருந்தும்.

ஒயிட் பேலன்ஸுக்கு வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்டுடியோ நெகட்டிவெல்லாம் இப்போது எங்கே? கடையை மூடியபோது வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைக்குப் போய்விட்டது. சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்! 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அதைப் பாதுகாத்தார்கள், இன்றும் பார்க்கிறோம். நம் ஊர்க் கல்யாணங்களும் பள்ளிக்கூடக் குரூப் படங்களும் தகரப் பெட்டிகளில் வெந்துகொண்டிருக்கின்றன. அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் புளித்த வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடனே மற்ற ஃபிலிம்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள்.

ஒயிட் பேலன்ஸையும் காம்போசிஷனையும் இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், தலைவர் மணியைப் பார்க்கிறார். பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் ஒரே கோரிக்கை: இந்த நூலக மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்து, ஓர் இரும்பு அலமாரியும் ஒரு ஸ்கேனரும் தாருங்கள். வீட்டில் நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் கலைந்து போவதற்கு முன் நூலகர் அம்மாவின் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.